அக்கா நிறுத்திய வெயில்

1

முதலில் என் மடத்தனத்தைச் சொல்லிவிடுகிறேன். மற்றவர்கள் சொல்லிக் கேட்டு வெட்கப்படுவதிலும் பார்க்க அது லேசு.

என் கைபேசியில் ஒரு பச்சைக் கோடு ஓடும். பண்டத்தரிப்பில் எங்கள் வீட்டுக் கூரையில் பூட்டியிருக்கிற சோலர் தகடுகள் அந்தந்த நேரம் எவ்வளவு கரண்ட் உண்டாக்குகின்றன என்று காட்டுகிற கோடு. காலையில் முளைத்து, மத்தியானம் மலைபோல ஏறி, பின்னேரம் சரிந்து படுத்துவிடும். அந்தக் கோடுதான் என் அக்கா என்று நான் நம்பினேன்.

உவமைக்குச் சொல்லவில்லை, மெய்யாகவே நம்பினேன். கோடு முளைத்தால் அக்கா எழும்பிவிட்டா. உச்சிக்கு ஏறினால் அக்கா நல்ல சுகம். நடுவில் ஒரு சின்னப் பள்ளம் விழுந்தால், "அக்கா கத்தரிக்காய் பொரிக்கிறா போலை" என்று மனிசிக்குச் சொல்லுவேன். அது முகில் போன பள்ளம். கூரைக்கு மேலே விழுகிற வெயிலுக்கும் கூரைக்குக் கீழே பொரிகிற கத்தரிக்காய்க்கும் ஒரு சம்பந்தமும் இல்லை என்று எட்டாம் வகுப்புப் பிள்ளைக்கும் தெரியும். பண்டத்தரிப்பில் எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு அதைப் படிப்பித்தவவே என் அக்காதான்.

நான் இருப்பது நோர்வேயில், பேர்கன் நகரத்தில். மழை பெய்யாத நாளில் சனம் ஒருவரையொருவர் வாழ்த்திக்கொள்ளுகிற ஊர். பஸ் ஓட்டுகிறேன். போன கிழமை காலை இடைவேளையில், கடைசித் தரிப்பில் பஸ்ஸை நிறுத்திவிட்டுத் தேத்தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தபோது கைபேசி கிணுகிணுத்தது. அந்தச் சோலர் செயலி எனக்கு வாழ்த்து அனுப்பியிருந்தது. பலூன்கள் பறக்கிற படம். உங்கள் அமைப்புக்கு இன்று மூன்று வயது, தடங்கல் எதுவும் இல்லாமல் இயங்கிக்கொண்டிருக்கிறது, பாராட்டுகள்.

தேத்தண்ணீர் ஆறும்வரை அந்தப் பலூன்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஐந்து நிமிடம் பிந்தி வெளிக்கிட்டேன். இருபத்தாறு வருடத்தில் இரண்டாவது தடவை.

2

அக்காவின் பெயர் கிறேஸ். ஊருக்கு கிறேஸ் ரீச்சர். மிசன் பள்ளிக்கூடத்தில் விஞ்ஞானம் படிப்பித்து ஓய்வு எடுத்தவ. கலியாணம் கட்டவில்லை. ஏன் என்று கேட்டால், "வந்ததுகள் ஒண்டுக்கும் ஃபியூஸ் கட்டத் தெரியாது" என்பா.

அப்பாவும் அம்மாவும் போன பிறகு அந்த வீட்டில் தனிய இருந்தா. பிரசர் இருந்தது. திடீரென்று தலை சுற்றும். ஒருமுறை குசினியில் சுற்றி விழுந்து, அரிசிச் சாக்கைப் பிடித்துக்கொண்டு எழும்பியிருக்கிறா. அதை எனக்குச் சொன்னது ஆறு மாதம் கழித்து, அதுவும் அரிசி விலையைப்பற்றிக் கதைக்கும்போது. அன்றிலிருந்து எனக்கு ஒரே பயம்தான்: அக்கா தனிய விழுந்து கிடப்பா, ஒருவருக்கும் தெரியாமல் போகும்.

தினமும் போன் எடுக்கலாமே என்பீர்கள். எடுத்துப் பார்த்தேன்.

"என்ன விசயம்?"

"சும்மாதான் அக்கா. சாப்பிட்டியளோ?"

"சாப்பிட்டன். நேற்றும் சாப்பிட்டன். நாளைக்கும் சாப்பிடுவன். உதைக் கேக்கிறதுக்குக் கடலுக்கு மேலாலை சத்தம் அனுப்பிக் கொண்டிருக்கிறாய். விசயம் இருந்தால் எடு." டக்கென்று வைத்துவிடுவா.

அந்த நாட்களில்தான் ஊரில் கரண்ட்டை மணிக்கணக்காய் வெட்டினார்கள். ஊர் இருண்டாலும் அக்கா வீட்டில் வெளிச்சம் இருக்கட்டும் என்று நான் சோலர் பூட்ட ஏற்பாடு செய்தேன். தேவன் என்று சங்கானைப் பக்கத்து ஆள் வந்து பூட்டினார். பூட்டி முடித்த மூன்றாம் நாள் ஊருக்குக் கரண்ட் போனது. எங்கள் வீட்டுக்கும் போனது. கொளுத்துகிற வெயில், கூரை நிறையத் தகடு, வீட்டுக்குள் மின்விசிறி சுற்றவில்லை. நான் தேவனுக்குப் போன் எடுத்துக் கத்தினேன்.

"அண்ணை, உது லைனோடை சேர்ந்து ஓடுற சாமான். லைன் நிண்டால் உதுவும் நிண்டிடும். லைன் திருத்திறவன் போஸ்ட்டிலை ஏறி நிப்பான். உங்கடை கூரையிலை இருந்து கரண்ட் போனால் அவன்ரை கதை முடிஞ்சுது. பற்றரி வைச்சால்தான் தனிய ஓடும். உங்களுக்கு முதலே சொன்னனான், நீங்கள் ஓம் ஓம் எண்டுபோட்டுப் பஸ்ஸை எடுத்திட்டியள்."

ஆக, கரண்ட் இருக்கிற நேரத்தில் கரண்ட் தருகிற சாமானை என் அக்காவுக்கு வாங்கிக் கொடுத்திருந்தேன்.

"நல்ல தம்பி," என்றா அக்கா. "மழைக்குள்ளை விரியாத குடை வாங்கித் தந்திருக்கிறாய்."

ஆனால் கோடு கிடைத்தது. போன் எடுக்காமல், ஏச்சு வாங்காமல், அக்காவைப் பார்த்துக்கொண்டிருக்கலாம். விரியாத குடையின் பிடியை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

3

முதலாவது வருடம், ஒரு ஞாயிற்றுக்கிழமை. எனக்கு அதிகாலை முறை. பேர்கனில் காலை ஆறு மணி என்றால் கோடைகாலத்தில் ஊரில் ஒன்பதரை. பஸ்ஸை நிறுத்திக் கைபேசியைத் திறந்தால், கோடு எட்டு மணிவரை ஏறி, எட்டு மணிக்கு மதிலில் இருந்து விழுந்தமாதிரி நேரே கீழே விழுந்து, நிலத்தோடு கிடந்தது.

முகில் இப்படி விழாது. ஊரில் கரண்ட் வெட்டுவதும் அப்போது நின்றிருந்தது. அக்காவுக்கு எடுத்தேன், போன் நிறுத்தியிருந்தது. அக்காவின் போன் ஒருநாளும் நிறுத்தியிருக்காது. (ஆராதனை நேரம் நிறுத்திவைப்பா என்ற சின்ன விபரம், மிசன் வீட்டிலே பிறந்து வளர்ந்த எனக்கு அந்த நேரம் நினைவு வரவில்லை.) பக்கத்து வீட்டு ராணிக்கு எடுத்தேன். அவள் கோயிலில். தேவனுக்கு எடுத்தேன். அவர் நித்திரை. கடைசியில் எங்கள் சபைப் போதகருக்கு எடுத்தேன். அவர் ஊருக்கு மாறி வந்து மூன்று கிழமை. கைபேசி அவருடைய மனைவியிடம் இருந்திருக்கிறது.

"அம்மா, நான் நோர்வேயிலை இருந்து சீலன். கிறேஸ் ரீச்சரின்ரை தம்பி. அக்காவுக்கு ஏதோ நடந்திட்டுது. கோடு விழுந்திட்டுது!"

அந்த அம்மாவுக்குக் கோடு விளங்கவில்லை. விழுந்தது மட்டும் விளங்கியது. ஒரு துண்டில் எழுதி மேடைக்கு அனுப்பியிருக்கிறா. புதுப் போதகர் வாசித்துவிட்டு, பிரசங்கத்தை நிறுத்திச் சொன்னாராம்: "எங்கடை சபையைச் சேர்ந்த கிறேஸ் ரீச்சர் விழுந்து ஆபத்தான நிலையிலை இருக்கிறா எண்டு வெளிநாட்டிலை இருந்து செய்தி வந்திருக்கு. எல்லாரும் எழும்பி நிண்டு ஜெபிப்பம்."

கிறேஸ் ரீச்சர் முன்வரிசையில் இருந்தா. அவவும் எழும்பினா, கண்ணை மூடினா. முழு ஜெபத்துக்கும் ஆமென் சொன்னா. அமர்ந்த பிறகு பக்கத்தில் இருந்தவவிடம் மெதுவாய்க் கேட்டிருக்கிறா: "எந்தக் கிறேஸ்? சண்டிலிப்பாய்க் கிறேஸோ?" பின்வரிசைப் பெடியள் அதற்குள் சிரித்துச் சிரித்து வாங்குக்குக் கீழே போயிருந்தார்கள்.

ஊரில் பதினொரு மணியாகும்போது எனக்குப் போன் வந்தது. அக்கா தானாக எடுத்த முதலாவது போன்.

"டேய் சீலன். நான் எனக்காக எழும்பி நிண்டு ஜெபிச்சுப்போட்டு வாறன். உனக்கு என்ன விசரோ?"

"கோடு விழுந்திட்டுது அக்கா."

"நான்தான் நிப்பாட்டினனான். மின்சாரசபைக் கந்தோரிலை இருந்து போனுக்கு அறிவிப்பு வந்தது. ஞாயிற்றுக்கிழமை ஆக்கள் கரண்ட் பாவிக்கிறது குறைவு, வெயில் கூட, கூரையிலை சோலர் வைச்சிருக்கிறவை எட்டிலை இருந்து மூண்டு மணிமட்டும் தயவு செய்து நிப்பாட்டி வையுங்கோ எண்டு. கோயிலுக்கு வெளிக்கிடேக்கை சுவிச்சைக் கீழை போட்டிட்டுப் போனன். மூண்டுக்குப் போடுவன். உனக்கு உடனை நான் சாகோணும்."

எனக்கு அவமானம் கோபமாய் மாறியது. எனக்கு அது வழமை. "எங்கடை கூரை, எங்கடை தகடு, எங்கடை வெயில். நிப்பாட்டச் சொல்ல அவை ஆர்? அதுவும் சும்மா ஒரு அறிவிப்பு. நீங்கள் நிப்பாட்டாட்டில் ஆருக்குத் தெரியப்போகுது? ஊரிலை ஒருத்தனும் நிப்பாட்டியிருக்க மாட்டான்."

 "நீ பல்ப்பு எரிச்சது மறந்து போச்சோ?" என்று கேட்டா அக்கா.

4

அந்தப் பல்ப்புக் கதையைச் சொல்லத்தான் வேண்டும்.

யாழ்ப்பாணத்துக்குக் கரண்ட் இல்லாத வருடங்கள். உங்களில் பாதிப் பேருக்கு அது நினைவு, மீதிப் பேருக்கு அது பெரியவர்கள் சொல்லும் அலுப்புக் கதை. எங்கள் வீட்டில் சைக்கிளைத் தலைகீழாய் நிறுத்தி, நான் கையால் பெடலைச் சுற்ற, டைனமோவில் இருந்து வயர் இழுத்து, அக்கா ஒரு சின்ன ரேடியோவும் ஒரு சின்னப் பல்ப்பும் ஓட்டினா. ரேடியோவில் அப்பாவுக்குச் செய்தி. பல்ப்பு அக்காவுக்கு, அவ ஆசிரியர் பயிற்சிக்குப் படித்துக்கொண்டிருந்தா.

மெதுவாய்ச் சுற்றினால் ரேடியோ முனகும். வேகமாய்ச் சுற்றினால் பல்ப்பு வெள்ளையாய் வெளிக்கும். அக்கா புத்தகத்தில் இருந்து தலை தூக்காமலே சொல்லிக்கொண்டிருப்பா: "குறை... குறை... காணும், அப்பிடியே பிடி." உலகத்திலேயே மிகச்சிறிய மின்சாரசபை அது. தலைவர் அக்கா, தொழிலாளி நான், பாவனையாளர் அப்பா.

ஒருநாள் செய்தி முடிந்து அப்பா ரேடியோவை நிறுத்திவிட்டார். நான் கவனிக்கவில்லை. பெடியன்களோடு விளையாடப் போக வேண்டும் என்ற அந்தரத்தில் இன்னும் வேகமாய்ச் சுற்றினேன். ரேடியோ குடித்த கரண்டும் பல்ப்புக்கே போனது. ஒரு சத்தம்கூட இல்லை, பல்ப்பு நீலமாய் மின்னிக் கறுத்துவிட்டது. வேறு பல்ப்பு யாழ்ப்பாணத்தில் எந்தக் கடையிலும் இல்லை. அக்கா மீதிப் பாடத்தைத் தேங்காய் எண்ணெய் விளக்கில் படித்தா. என்னை ஏசவில்லை. ஏசியிருந்தால் நான் மறந்திருப்பேன்.

"அதேதான் இதுவும்," என்றா அக்கா போனில். "பாவிக்கிறவை குறைஞ்ச நேரம் எல்லாரும் சேர்ந்து சுத்தினால் பெரிய பல்ப்பு எரியும். போனால் முழு நாட்டுக்கும் போகும். கேக்கினம், நிப்பாட்டிறன். மரியாதையாய்க் கேட்டால் மரியாதையாய்ச் செய்யிறதுதானே."

"சரி, நிப்பாட்டுங்கோ. ஆனால் எனக்கு முதலே சொல்லிப்போட்டு நிப்பாட்டுங்கோ."

இதுதான் நான் வாழ்க்கையில் செய்த ஒரே புத்தியான காரியம். பிறகு அதையும் குழப்பினேன்.

அன்றிலிருந்து அறிவிப்பு வருகிற கிழமைகளில், சனிக்கிழமை பின்னேரம் அக்கா போன் எடுப்பா. விசயம் இருக்கிறதல்லவா, எடுக்கலாம். "நாளைக்கு எட்டுக்கு நிப்பாட்டிறன். மூண்டுக்குப் போடுறன். சபையிலை சொல்லிப்போடாதை." அதோடு வைக்கமாட்டா. எடுத்தது எடுத்தாயிற்று என்று, வேலிச் செம்பரத்தையில் ராணி திங்களும் வெள்ளியும் கோயிலுக்குப் பூ ஆய வருவது, புதுப் போதகர் பாட்டைச் சுருதி தப்பிப் பாடுவது, கிணற்றடிச் சீமெந்தில் பாசி பிடித்து வழுக்குவது, எல்லாம் கதைப்பா. பாசியை உரஞ்ச ஆள் பிடியுங்கோ என்பேன். "நீ வந்து உரஞ்சு" என்பா. அரைமணி நேரம் போகும். மனிசி எட்டிப்பார்த்து, "என்ன, மின்சாரசபைக் கூட்டம் இன்னும் முடியேல்லையோ?" என்று கேட்பாள்.

கரண்ட்டை நிறுத்தச் சொல்லி ஓர் அறிவிப்பு. அதன் புண்ணியத்தில் அக்காவும் நானும் கதைத்துக்கொண்டோம்.

5

இனி என் மகள். றேச்சல் இங்கே பிறந்தவள். அவள் வேலை செய்கிற கொம்பனி, வீடுகளில் சுடுதண்ணீர் கொதிக்கிற நேரத்தையும் கார்கள் சார்ஜ் ஏறுகிற நேரத்தையும் தூரத்தில் இருந்து தள்ளிவைக்கிற கணினி நிரல்களை எழுதுகிறது. என் பஸ்ஸுக்கும் அப்படித்தான்: எப்போது எவ்வளவு கரண்ட் ஏறவேண்டும் என்று ஏதோ ஒரு நிரல் முடிவு செய்யும், சாரதியிடம் கேட்காது. மகளுடைய தமிழ், விருந்துக்கு மட்டும் எடுக்கிற பீங்கான்மாதிரி. வருடத்தில் நாலுநாள் வெளியே வரும், ஒவ்வொரு முறையும் ஒன்று உடைந்திருக்கும்.

இரண்டாவது வருடம், இன்னொரு ஞாயிறு. அக்கா சொன்னபடி எட்டுக்குக் கோடு விழுந்தது. மூன்றுக்கு எழும்பவில்லை. மூன்றரை, நாலு, நாலே கால். போன் இல்லை. தேவனுக்கு எடுத்தேன்.

"தேவன், கெதியாய்ப் போங்கோ. படலை பூட்டியிருந்தால் உடையுங்கோ."

"அண்ணை, போனமுறை ஜெபம் வைச்சனீங்கள்..."

"உடையுங்கோ எண்டு சொல்லுறன்!"

பாவம் மனிசன், அலவாங்கு கொண்டுபோய் ஆமைப்பூட்டை உடைத்து, மதில் பக்கத்து யன்னலால் எட்டிப் பார்த்து, ரீச்சர் ரீச்சர் என்று குழறி, அயலெல்லாம் கூடிவிட்டது. அப்போது ஒழுங்கையில் ஒரு ஓட்டோ வந்து நின்றது. உள்ளேயிருந்து அக்காவும் ராணியும் நனைந்த தலையோடு இறங்கினார்கள். முழங்கால் வலிக்கு நல்லது என்று ராணி சொல்ல, அக்கா கீரிமலைச் சிவன்கோயில் கேணியில் குளிக்கப் போயிருக்கிறா. ஆராதனை முடிந்து, ஒருவருக்கும் சொல்லாமல், திருட்டுத்தனமாய். மிசன் ரீச்சர் கீரிமலையில் முழுகினதை ஊரே கூடிநின்று வரவேற்றது, என் புண்ணியத்தில்.

"உடைச்ச பூட்டுக்கு உன்ரை தலையைத்தான் தொங்கவிடோணும்," என்றா. ஆனால் சத்தம் இறங்கியிருந்தது. வெட்கப்பட்டுவிட்டா. நான் அக்காவை வெட்கப்பட வைத்துவிட்டேன் என்று எனக்கும் விளங்கியது. விளங்கினாலும் என்ன, பதற்றம் என்பது விளக்கத்துக்கு அடங்குகிற சாதியா?

அன்றைக்கு றேச்சல் வீட்டுக்கு வந்திருந்தாள். நான் கைபேசியை விடாமல் பார்த்துக்கொண்டிருப்பதைக் கண்டுவிட்டு நோர்வேஜிய மொழியில் சொன்னாள், நான் தமிழில் தருகிறேன்: "அப்பா, இந்தப் பிரச்சினை எல்லாம் மனிசர் கையால் நிறுத்துவதால் வருகிறது. ஒருவர் மறப்பார், ஒருவர் மறுப்பார். மனிசரை நம்பி இவ்வளவு பெரிய வலையமைப்பை நடத்த ஏலாது. ஒரு பெட்டி பூட்டினால் கந்தோரே தூரத்தில் இருந்து நிறுத்தும், தூரத்தில் இருந்து போடும். மாமி ஒன்றும் செய்யத் தேவையில்லை."

தேவனிடம் விசாரித்தால், ஓம், விருப்பமானவர்களுக்கு அப்படிப் பெட்டி பூட்டுகிறார்களாம். மனிசியும் மகளும் நானுமாக அக்காவுக்குப் போன் எடுத்தோம்.

"வேண்டாம்," என்றா அக்கா. "கேட்டால் நிப்பாட்டிறன். கேக்காமல் என்ரை வீட்டுச் சுவிச்சிலை கை வைக்கிறது என்ன பழக்கம்?"

"மாமி," என்றாள் றேச்சல், பீங்கானை வெளியே எடுத்து, "இது நல்லது. பெட்டி எல்லாம் செய்யும். இனி நீங்கள் தேவையில்லை."

நீங்கள் கஷ்டப்படத் தேவையில்லை என்று சொல்ல வந்த பிள்ளை. அக்கா பெரிதாய்ச் சிரித்தா. "அதைத்தானடி நானும் சொல்லுறன்," என்றா. மகளுக்கு விளங்கவில்லை. எனக்கு விளங்கியது. விளங்காதமாதிரி, "அக்கா, எனக்காக. என்ரை நெஞ்சுக்காக. இனி ஒரு ஞாயிறு உப்பிடி நடந்தால் நான்தான் முதலிலை சாவன்," என்றேன்.

"உன்ரை பயத்துக்கு மருந்து என்ரை வீட்டுச் சுவரிலை பூட்டுறாய்."

"ஓம் அக்கா."

"சரி. பூட்டு."

அதற்கும் ஒரு கூத்து. மின்சார இணைப்பு இன்னும் அப்பாவின் பெயரில் இருந்தது. அப்பா செத்து எத்தனையோ வருடம், ஆனால் மாதாமாதம் அவருடைய பெயருக்குத்தான் பில் வரும். பெட்டி பூட்டுவதற்கு இணைப்பின் சொந்தக்காரர் கையெழுத்திட்ட சம்மதம் வேண்டும் என்றார்கள். அக்கா கந்தோருக்கு மரணச் சான்றிதழ் கொண்டுபோனா. பழைய எழுத்து மங்கிவிட்டது, புதுப் பிரதி எடுத்து வாருங்கோ என்றார்கள். எடுத்துக்கொண்டு போனால், வெளிநாட்டில் இருக்கிற உரித்தாளியின் கடிதமும் வேண்டும் என்றார்கள். நான் இங்கிருந்து சத்தியக் கடிதம் அனுப்பினேன். மூன்று மாதம். அந்த மூன்று மாதமும் சம்மதம் கேட்டுக் கேட்டு அலைந்தது, இனிமேல் சம்மதம் கேட்கத் தேவையில்லாத ஒரு பெட்டிக்காக. இதை அக்காதான் சுட்டிக்காட்டினா. நான் சிரித்தேன், அவவும் சிரித்தா.

6

பெட்டி பூட்டியாயிற்று. சுவரில் ஒரு சாம்பல் நிறப் பெட்டி, சின்னப் பச்சை விளக்கு. அறிவிப்பு வருகிற ஞாயிறுகளில் எட்டு என்றால் எட்டு, மூன்று என்றால் மூன்று. கோடு அடிமட்டம் வைத்துக் கீறியதுபோல விழும், அடிமட்டம் வைத்ததுபோல எழும்பும். ஞாயிறுகளில் நான் ஊருக்குப் போன் எடுத்துக் கத்துவது நின்றது. மனிசி என்னை மனிதர்களோடு சேர்த்துக்கொண்டாள். 

சனிக்கிழமைப் போன் நின்றது. சொல்வதற்கு விசயம் இல்லையே. அறிவிப்பு அக்காவின் போனுக்கு வருவதும் நின்றுவிட்டது, பெட்டிக்கே நேரே போய்விடும். முதலாவது சனி நான் காத்திருந்தேன். இரண்டாவது சனி நானே எடுத்தேன்.

"என்ன விசயம்?"

"ஒண்டுமில்லை அக்கா. நாளைக்கு நிப்பாட்டுறவையோ எண்டு..."

"எனக்கென்ன தெரியும்? பெட்டியைக் கேள்."

வைத்துவிட்டா. கோபமாய் இல்லை. விசயம் இல்லாததால் வைத்தா. பிறகு நான் எடுக்கவில்லை. எனக்கு ஏன் போன்? என்னிடம்தான் கோடு இருக்கிறதே.

ஊரில் இருக்கிற உங்களுக்கு நான் ஒன்று சொல்லவேண்டும், பகிடியாய் இல்லை. அந்தப் பெட்டியில் ஒரு பிழையும் இல்லை. நாடு முழுக்கக் கூரைகள் கரண்ட் உண்டாக்கத் தொடங்கினால் அதை யாரோ ஒருவர் பிடித்துத்தான் ஆகவேண்டும். அக்காவே அதைச் சொன்னவ. பெட்டிக்கு என்ன வேலை கொடுத்தார்களோ அதைச் செய்தது. அது செய்யாத வேலை ஒன்றையும் அது செய்கிறது என்று நினைத்தவன் நான். கிறேஸ் ரீச்சரின் விரல் அந்தச் சுவிச்சில் இருந்தவரைக்கும் கோடு ஓரளவுக்கு அக்காவாகத்தான் இருந்தது. அந்த விரலை எடுத்துவிட்டது நான்.

7

இந்த வருடம், ஒரு ஞாயிற்றுக்கிழமை. வெயில் நாள். கோடு எட்டு மணிக்கு விழுந்தது. மூன்று மணிக்கு எழும்பியது.

மூன்று இருபதுக்குப் போதகர் ஒரு குறுஞ்செய்தி அனுப்பினார். எங்களுக்குப் பகல் பன்னிரண்டாக இன்னும் பத்து நிமிடம். "தம்பி, ரீச்சரை இண்டைக்கு ஆராதனையிலை காணேல்லை. போனும் எடுக்கிறா இல்லை. ஒருக்கால் போய்ப் பார்க்கட்டோ?"

நான் கடைசித் தரிப்பில் நின்றேன். ஜெபமும் அலவாங்கும் கீரிமலையும் நினைவுக்கு வந்தன. அக்கா ஓட்டோவில் இருந்து இறங்கின முகம் நினைவுக்கு வந்தது. செயலியைத் திறந்து பார்த்தேன். கோடு எழும்பி நின்றது. வாழ்க்கையில் முதல் தடவையாக நான் பதறவில்லை. அதை ஒரு பெரிய முன்னேற்றமாய் எண்ணிச் சந்தோசப்பட்டது இன்றும் நினைவிருக்கிறது.

"வேண்டாம் ஐயா. கோடு சரியாய் இருக்கு. அக்கா சுகம். கீரிமலைக்குப் போயிருப்பா," என்று எழுதி, ஒரு சிரிப்புப் படமும் போட்டேன். அவரும் ஒரு சிரிப்புப் படம் திருப்பிப் போட்டார். அன்று ஐந்து நிமிடம் பிந்தித்தான் பஸ்ஸை எடுத்தேன், அது முதலாவது தடவை.

திங்கட்கிழமை காலையில் ராணி பூ ஆய வந்தபோது அக்காவைக் கிணற்றடியில் கண்டாள். அக்கா ஞாயிறு ஆராதனைக்கு வெளிக்கிட முதல் குளிக்கப் போயிருக்கிறா. வாளி சரிந்து கிடந்தது. ஞாயிறு காலை ஏழு மணிபோல விழுந்திருக்க வேண்டும் என்று டொக்டர் சொன்னார்.

பழைய முறை என்றால், சனிக்கிழமை அக்கா போன் எடுத்துச் சொல்லியிருப்பா. ஞாயிறு எட்டு மணிக்குக் கோடு விழுந்திருக்காது. விழாத கோட்டைப் பார்த்து நான் ஊரை இரண்டாக்கியிருப்பேன்.

உயிர் எப்போது போனது என்று டொக்டரிடம் கேட்டேன். ஞாயிறு பின்னேரம் ஐந்து மணிக்கு முந்தி இல்லை என்றார்.